அடுப்போரத்துச் சுனாகரி

கொத்தனார் விட்டுப்போன தகரத் தாள்களைச் சுக்மதி பேரிக்காய் மரத்தடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளைத் தூக்கியதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அதன் பின்னால் அவளுடைய சுனாகரிச் செடி இருந்தது. தசைன் பண்டிகைக்கு முன்னால் சமையலறைச் சுவரை இடித்தபோது, கொத்தனார்தான் தொட்டியோடு தூக்கி இங்கே வைத்திருக்க வேண்டும். வீடு முழுக்க மணலும் சிமெண்டுமாகக் கிடந்த நாட்களில் அவள் அதை மறந்தே போனாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மலைக்குளிர் மொத்தமும் அதன் தலையில்தான் இறங்கியிருக்கிறது. பனி கடித்து இலை நுனிகள் கறுத்திருந்தன.

அடியில், பழைய கிழங்குக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று முளைத்திருந்தது.

அவள் உட்கார்ந்து அதை மெல்ல அழுத்திப் பார்த்தாள். தட்டையாக இருந்தால் இலை. உருண்டையாக இருந்தால் பூத்தண்டு. அது உருண்டையாக இருந்தது. உள்ளே மொட்டுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

பன்னிரண்டு வருஷமாகப் பூக்காத செடி. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷத்தில் கத்தியிருப்பார்கள். சுக்மதி நிமிர்ந்து மேல்வீட்டைப் பார்த்தாள். மாடிக் கைப்பிடியில் ஒரு ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தண்டின் அடியில் வைத்தாள். ஒரு திருகு போதும். யாருக்கும் தெரியாது.

"அம்மா! என்னம்மா அங்க? பாம்பா?"

மகள் யாங்ஜி பல் விளக்கிக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. புது இலை விட்டிருக்கு."

யாங்ஜி குனிந்து பார்த்தாள். அவளும் அழுத்திப் பார்த்தாள். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு ஒரு கூச்சல் போட்டாள். "இலையா? பூத்தண்டும்மா இது! அப்பாவோட செடி பூக்கப்போகுது!"

அவள் கடைத்தெருவில் செல்போன் கடையில் வேலை செய்கிறவள். படம் எடுத்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்? சுக்மதி எழுந்து கை கழுவுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

காலிம்போங் மலையில் சுனாகரி இல்லாத வீடு கிடையாது. வெளியூர்க்காரர்கள் ஆர்க்கிட் என்பார்கள். எண்ணெய் டின்னிலும் உடைந்த வாளியிலும் அது பாட்டுக்கு வளரும், மாசி பங்குனியில் பூக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுக்மதியின் செடியை மட்டும் தெருவே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. அவள் புருஷன் ஆஸ்பீர் திருடனா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தச் செடிதான்.

அதைச் சொல்லத் தனமதியிலிருந்து தொடங்க வேண்டும்.

மேல்வீட்டுத் தனமதியும் சுக்மதியும் ஒரே சிங்கோனாத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே குடையில் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு அம்மாக்களும் ஒரு சங்கராந்தியன்று அவர்களை மித்தினிகளாக, சடங்கால் கட்டுப்பட்ட தோழிகளாக, ஆக்கினார்கள். ஒருத்தி தாமங், ஒருத்தி லிம்பு. ஜாதி வேறாக இருந்தால்தான் அந்த உறவுக்கு அழகு. துணி மாற்றி, மாலை மாற்றி, குனிந்து ஒருவரையொருவர் வணங்கியாயிற்று. அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நீ, வா, போ கிடையாது. சண்டை கூடாது. அவள் வீட்டில் சாவு விழுந்தால் இவளும் உப்பை விட்டுத் துக்கம் காக்க வேண்டும். எட்டு வயசுப் பெண்கள் இரண்டு பேர் மரியாதையாக அடித்துக்கொள்வதைப் பார்த்துத் தோட்டமே சிரிக்கும்.

"மித்தினிஜீ, நீங்க என் கொய்யாவைக் கடிச்சிட்டீங்க."

"மன்னிக்கணும் மித்தினிஜீ. நீங்கதான் முதல்ல என் சிலேட்டுல துப்பினீங்க."

மித் கட்டிய அன்று தனமதியின் அம்மா தன் வாசல் சுனாகரியிலிருந்து இரண்டு பூக்களைக் கிள்ளி இருவர் தலையிலும் செருகினாள். கறுஞ்சிவப்பு. நடுவில் வெள்ளை நாக்கு. அந்த நிறத்தை வேறெந்தச் செடியிலும் சுக்மதி பார்த்ததில்லை.

பிறகு இருவரும் ஒரே தெருவில் மேல்வீடும் கீழ்வீடுமாக வாழ்க்கைப்பட்டார்கள். அம்மா செத்தபோது தனமதி பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது அந்தச் செடியை மட்டும்தான். அதை மாடிக் கைப்பிடியில் வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. செடியில் பாதியைக் காணோம். மிச்சப் பாதி வேர் முறிந்து சில நாளில் அழுகிப்போயிற்று.

அதே நாள் சாயங்காலம் ஆஸ்பீர் ஒரு சாக்கில் சுற்றி சுனாகரிக் கிழங்கு ஒரு கொத்தைக் கொண்டுவந்தான்.

ஆஸ்பீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷன், ஆனால் கேட்காமல் எடுக்கிற கை. அடுத்த வீட்டுக் குடை, யாரோ ஒருவருடைய ஏணி, கோயில் விசேஷத்துக்கு வாங்கி வைத்த கயிறு. கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவான். அவன் ஒரு நர்சரியில் செடிகளைப் பெட்டி கட்டும் வேலையில் இருந்தான். "மஞ்சப்பூ விக்கலையாம். எல்லாரும் ரோஸ் கேக்கறாங்களாம். மொதலாளி குப்பையில கொட்டிட்டாரு. ஒரு கொத்து எடுத்தேன். போன வருஷம் அங்க பூத்தப்போ நானே பாத்தேன், வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றான். குப்பையில் குவிந்த நூறு கட்டில் எது எங்கே போனது என்று நர்சரிக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்? இலையும் கிழங்கும் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரிதான். பூத்தால்தான் ஜாதி தெரியும்.

தனமதி படியில் நின்று தொட்டியைப் பார்த்தாள். "அழகான செடி மித்தினிஜீ" என்றாள். "பூத்தா தெரிஞ்சிரும்."

மித்தினியைத் திருடி என்று சொல்ல முடியாது. அதனால் அவள் அவ்வளவுதான் சொன்னாள்.  அந்த வாரத்தில் ஒரு காலையில், மகள் பக்கத்தில் நிற்க, சுக்மதி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. மாடியிலேருந்துதானே எடுத்தீங்க?"

"மஞ்சப் பூடி அது. பூக்கட்டும், அப்புறம் பேசு."

"பூத்தா நான் தெருவுல தலை நிமிர முடியாது. திருடன்! எங்கம்மா மாதிரி இருந்தவ வெச்ச செடி அது. திருடன்!"

ஆஸ்பீர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெட்டிகளோடு சிலிகுரிக்குப் போகும் ஜீப்பில் ஏறினான். தீஸ்தா ஆற்றோரத்தில் மண் சரிந்தது. ஜீப் கிடைத்தது, ஆள் கிடைக்க ரொம்ப நேரமானது.

ஆஸ்பீரின் காரியத்துக்கு லாமாக்கள் ஓதிய அன்று தனமதி வெள்ளைப் பட்டுத் துணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் கடைக்குப் போய் உப்புப் பொட்டலம் வாங்கியதைத் தெருவே பார்த்தது. அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த இரண்டு பெண்களும் தெருவில் பார்த்தால் கைகூப்பினார்கள், ஜீ போட்டுப் பேசினார்கள். ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

சுக்மதி சமையலறை ஜன்னலைக் கடையாக்கினாள். விடிந்ததும் அரிசிமாவை வளையமாக ஊற்றி ஸேல் ரொட்டி சுடுவாள். பக்கத்தில் ஆலூ தம், காரமான உருளைக்கிழங்கு. ஜீப் ஓட்டுகிறவர்கள் வண்டி நிரம்பும்வரை ஜன்னலில் சாய்ந்து தின்பார்கள். தனமதியின் புருஷன் ஹர்காகூட, பெண்டாட்டி குளிக்கப் போகும் நேரம் பார்த்து இறங்கிவந்து வாங்கிப்போவார். அந்தக் கடை வருமானத்தில்தான் யாங்ஜி பத்தாவது முடித்தாள், கடன் இல்லாமல் வீட்டுக்குத் தகரம் மாற்றினார்கள்.

செடி அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் மேடையில் இருந்தது. முதல் வருஷம் ஆலங்கட்டிக்குப் பயந்துதான் சுக்மதி அதை உள்ளே வைத்தாள். இரண்டாம் வருஷம், நர்சரியில் ஆஸ்பீரோடு வேலை பார்த்த ரிம்கித் என்ற பெண் ரொட்டி வாங்க வந்தவள் சொன்னாள்.

"அண்ணி, தீப்பக்கத்துல வெச்சா இது எந்த ஜென்மத்துலயும் பூக்காது. ஐப்பசி கார்த்திகைக் குளிர் மேல படணும். அப்பத்தான் பூக்கணும்னு அதுக்கு நெனப்பே வரும்."

"அப்படியா?" என்றாள் சுக்மதி.

அன்று சாயங்காலம் அவள் தொட்டியை அடுப்புப் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்தி வைத்தாள்.

அதிலிருந்து அவள் அதை ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. தண்ணீர் ஊற்றினாள், இலை துடைத்தாள், கிழங்கு பெருகியபோது பெரிய தொட்டிக்கு மாற்றினாள். சாகவும் விடவில்லை, பூக்கவும் விடவில்லை. பார்க்கிறவர்கள், "புருஷன் ஞாபகமா எப்படிப் பாத்துக்கறா பாரு" என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

இப்போது தை பிறந்துவிட்டது. தண்டு ஒரு முழம் வளர்ந்து, உறை கிழிந்து, மொட்டுகள் வரிசையாகத் தொங்கின. யாங்ஜி தொட்டியை மரத்தடி மதில்மேல், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். உள்ளே எடுத்துவைக்கச் சுக்மதி சொன்ன எந்தக் காரணமும் எடுபடவில்லை.

ஜன்னலில் கூட்டம் கூடியது. நோர்டென் என்ற டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணி, செவப்பா மஞ்சளா? நான் செவப்புல ஒரு தட்டு ஆலூ தம் பந்தயம் கட்டியிருக்கேன்."

"செத்தவன் மேல பந்தயம் கட்டாதடா. ராத்திரி வந்து வண்டியத் தள்ளிவிட்டுருவான்" என்றான் இன்னொருவன்.

"தள்ளமாட்டான். சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுக்மதியும் சிரிக்க வேண்டியிருந்தது. "பந்தயம் கட்டினவன் தட்டுல மொளகா ரெண்டு பங்கு" என்று கரண்டியை ஓங்கினாள். 

ஒரு நாள் தெருக்குழாயில் தனமதி அவளுக்காகவே காத்திருந்தது போல நின்றாள்.

"கேள்விப்பட்டேன் மித்தினிஜீ. ரொம்பச் சந்தோஷம்."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மித்தினிஜீ."

"என் ஆசீர்வாதம் என்னத்துக்கு? பன்னண்டு வருஷமா நீங்க கண்ணாக் காத்தீங்க. அடுப்படியில. குளிர் படாம."

குளிர் படாம என்பதை அவள் அழுத்திச் சொன்னாளா, இல்லை தனக்குத்தான் அப்படிக் கேட்டதா? சுக்மதி குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொத மொட்டு விரியுற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன். எங்கம்மாவப் பாத்த மாதிரி இருக்கும்." தனமதி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "இல்லேன்னா மஞ்சளப் பாத்துட்டுப் போறேன். அதுவும் அழகுதான்."

சுக்மதி கைகூப்பினாள்.

மஞ்சளாக இருக்க வேண்டும் என்று அவள் அன்று வேண்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அவளுடைய வேண்டுதல் அது ஒன்றுதான். மஞ்சளாக இருந்தால் தெருவின் வாய் அடையும், தலை நிமிரும். ஆனால் மறுநாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது யாங்ஜி சும்மா ஒரு பேச்சாகச் சொன்னாள்:

"மஞ்சளாப் பூத்துட்டா நல்லாயிருக்கும் இல்லம்மா? அப்பா சொன்னது நெசம்னு எல்லாருக்கும் தெரியும்."

சுக்மதியின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

அப்பா சொன்னது நிஜம். அப்படியானால் அந்தக் காலையில் அவன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஜீப்பில் ஏறும்போது அவன் காதில் கடைசியாக விழுந்த வார்த்தை என்ன? யார் சொன்னது? யாங்ஜி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். பத்து வயசு. அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க இன்றுவரை சுக்மதிக்குத் தைரியம் வந்ததில்லை.

"என்னம்மா, கட்டி தட்டிருச்சா?"

"ஆமா. கட்டி."

அதற்குப் பிறகு அவளுக்கு எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. சிவப்பு என்றால் ஊர் சொன்னது சரி, அவள் திருட்டுச் செடியை வளர்த்தவள். மஞ்சள் என்றால் அவன் சொன்னது சரி, அவள் அவனைக் கொன்று அனுப்பியவள். காலையில் அடுப்பு மூட்டுமுன் மதிலுக்குப் போய் மொட்டுகளைப் பார்ப்பாள். பச்சை. மறுநாளும் பச்சை.

மாசி முடிகிற நேரத்தில் மொட்டுகளின் முதுகில் ஒரு செம்மை ஏறியது. முதலில் வெயில் என்று நினைத்தாள். நிழலில் திருப்பிப் பார்த்தாள். செம்மைதான். கோடு கோடாக, ரத்தம் ஓடுகிற மாதிரி. நோர்டென் வந்து பார்த்துவிட்டு, பந்தயத் தட்டு ஆலூ தம்மை அன்றைக்கே வாங்கித் தின்றுவிட்டான். தனமதி காலையிலிருந்து மதியம்வரை மாடிக் கைப்பிடியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். ஊசி பாட்டுக்கு ஓடியது, கண் மதில்மேல் இருந்தது.

அன்று சுக்மதி நன்றாகத் தூங்கினாள். சிவப்புதான். அவன் எடுத்ததுதான். நான் சொன்னது பொய்யில்லை. காலையில் எழுந்ததும் தன் நிம்மதி எதற்காக என்பது புரிந்தது. அவளால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை. புருஷன் திருடனாக இருந்ததில் நிம்மதிப்பட்ட பெண்டாட்டி ஊரில் வேறு யாராவது இருப்பார்களா?

பங்குனி பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் வானம் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு மாறியது. காற்று நின்றது. பறவைச் சத்தம் நின்றது. மலையில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். காயப்போட்டதை எடுக்க ஆளாளுக்கு ஓடினார்கள். யாங்ஜி கடைத்தெருவில் இருந்தாள். வடச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சுக்மதி, அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்து நின்றாள்.

முதல் கல் தகரத்தில் விழுந்தது. இரண்டாவது. பிறகு பத்து.

மதில்மேல் செடி நின்றது. மொட்டுகள் உப்பி, இன்றோ நாளையோ என்று இருந்தன. ஆலங்கட்டி நாலு நிமிஷம் அடித்தால் தண்டு மிஞ்சாது. யாரும் அவளைக் கேட்க முடியாது. அவள் கிள்ளவில்லை, திருகவில்லை; வானமாகப் பார்த்து அழித்தது. நிறம் என்ன என்று இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பன்னிரண்டு வருஷம் அடுப்போரம் கிடக்கட்டும்.

அவள் வாசற்படியை விட்டு அசையவில்லை. ஒரு மொட்டு தெறித்து விழுந்ததைப் பார்த்தாள்.

மேலிருந்து ஒரு அலறல் கேட்டது. "செடி! செடிய எடுங்க மித்தினிஜீ!"

சுக்மதி நின்றாள்.

"காதுல விழலையா? அடியே சுக்மதி! செடிய எடுடி!"

நாற்பது வருஷத்தில் தனமதியின் வாயிலிருந்து தன் பெயரை அவள் கேட்டதில்லை. குடையில் ஒன்றாகப் போன காலத்துக்குப் பிறகு இன்றுதான். நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கல்மழையில் தலை நனைய, தனமதி அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு, மதில்மேல் அவளுடைய அம்மா அடிபட்டுக்கொண்டிருந்தாள்.

சுக்மதியின் கால் அவளைக் கேட்காமலே ஓடியது. வடச்சட்டியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தபடி மதிலோடு ஒட்டி நின்று, செடியைத் தன் மார்புக்கும் மதிலுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டாள். சட்டி கோயில் மணி மாதிரி அடித்தது. விரல் கணுக்களில் கல் விழுந்து தோல் கிழிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "போதும், போதும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியாது.

கல் ஓய்ந்தபோது முற்றம் வெள்ளையாக இருந்தது. இரண்டு மொட்டு போயிருந்தது. தண்டு நின்றது. மேலே தனமதி கையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள். மித்தினியின் பெயரைச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கடுத்த வெயில் நாளில் முதல் மொட்டு விரிந்தது.

சுக்மதி வழக்கம்போல அடுப்பு மூட்டுமுன் போனாள். வெளி இதழ் ஒன்று பிரிந்து விலகியிருந்தது. அதன் முதுகில் அதே செம்மைக் கோடுகள். அவள் தொட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

உள்ளே மஞ்சள். பழைய வெண்ணெயின் மஞ்சள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அவள் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்வாசலில் ஜீப்புக்காரர்கள் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. கடைசியில் யாங்ஜி தேடிக்கொண்டு வந்தாள். பூவைப் பார்த்ததும் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"மஞ்சள்! அம்மா, மஞ்சள்! சொன்னேன்ல?"

"போய் மித்தினியம்மாவக் கூட்டிட்டு வா" என்றாள் சுக்மதி.

தனமதி குளித்து, நல்ல புடவை கட்டி, பூஜைத் தட்டோடு வந்தாள். தட்டில் செண்டுப்பூவும் அரிசியும் ஊதுவத்தியும் இருந்தன. அம்மாவைப் பார்க்க வருகிறவளைப் போலத்தான் வந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் கால் வைத்தாள். மதிலருகே வந்ததும் நடை நின்றது.

பூவைப் பார்த்தாள். குனிந்து இதழைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். மறுபடி உள்ளே பார்த்தாள். எங்கேயாவது ஒரு ஓரத்தில் அந்தக் கறுஞ்சிவப்பு ஒளிந்திருக்கும் என்று தேடுகிற மாதிரி.

"இது எங்கம்மாவோடது இல்ல" என்றாள்.

"இல்ல மித்தினிஜீ."

வேலிக்கு வெளியே நோர்டென், "போச்சு, தின்ன ஆலூ தம்மையும் கக்கணும்" என்று முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. யாங்ஜி முன்னால் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க மித்தினியம்மா? எங்கப்பா செத்தப்போ நீங்க—"

"நீ சும்மா இருடி" என்றாள் சுக்மதி. "அவங்க செஞ்சது உனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொன்னது இல்லையா?"

 யாங்ஜி தரையைப் பார்த்தாள். சுக்மதிக்கு அது போதுமாயிருந்தது. அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும்.

சுக்மதி மித்தினியின் பக்கம் திரும்பினாள். "அடுப்புப் பக்கம் வெச்சா பூக்காதுன்னு எனக்குத் தெரியும் மித்தினிஜீ. தெரிஞ்சேதான் வெச்சேன்."

தனமதி பூவிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள். "மாடியிலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். தெரிஞ்சே வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சதாலதான் செவப்புன்னு நெனச்சேன். கட்டின பொண்டாட்டியே பயந்து மூடி வெக்கறாளேன்னு."

 சுக்மதி மூடி வைத்தது அவனைக் காப்பாற்றவில்லை. அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாக மேல்வீட்டு மாடிவரை தெரிந்திருக்கிறது.

தனமதி ஊதுவத்தியைக் கொளுத்தவில்லை. தட்டிலிருந்த செண்டுப்பூவில் ஒன்றை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கினாள், திரும்ப வைத்தாள். மித்தினிக்குக் கைகூப்பிவிட்டு, வந்த வழியே படியேறிப் போனாள். அவளுடைய அம்மாவின் செடியை யார் எடுத்தார்கள், குரங்கா, வழிப்போக்கனா என்று இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அன்று முழுக்க மேல்வீட்டு மாடியில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் ஹர்கா நின்றார். எப்போதும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் அவசரமாக வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு ஓடுகிறவர், இன்று பாத்திரத்தோடு நிதானமாக வந்திருந்தார்.

"ரெண்டு பேருக்கு ஸேல் ரொட்டி குடுங்க. அவதான் வாங்கிட்டு வரச் சொன்னா."

சுக்மதி ரொட்டியை எடுத்து வைத்து, ஆலூ தம்முக்குக் கரண்டியை விட்டாள்.

"ஒருத்தருக்கு மட்டும் போடுங்க" என்றார் ஹர்கா. "அவளுக்கு வேணாம். ரொட்டி மட்டும் போதும்னா. அதுலதான் உப்பு இல்லையாம்."

சுக்மதியின் கரண்டி நின்றது.

"நேத்துலேருந்து உப்பத் தொடல" என்று ஹர்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கேட்டா பதில் இல்ல. உப்பு ஜாடியத் தூக்கி அலமாரி மேல வெச்சுட்டா. எங்க சொந்தத்துல எல்லாருக்கும் போன் போட்டுப் பாத்துட்டேன், எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. யாரு செத்தான்னே தெரியல."

சுக்மதி கரண்டியை ஆலூ தம் சட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். இன்னொரு சட்டியை எடுத்து, உப்புச் சுவடுகூட இல்லாமல் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

"எங்க வீட்டுல" என்றாள்.

"ஐயையோ! எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு அண்ணே." மாவைக் கையில் அள்ளினாள். "ரொட்டிய நீங்க கொண்டுபோக வேணாம். சூடாச் சுட்டு நானே மேல எடுத்துட்டு வரேன்னு மித்தினிஜீகிட்டச் சொல்லுங்க."